சமையல் படிப்புக்கும் சிறு உணவுத் தொழிலுக்கும் உதவிப் பணம் – நம் குடும்பங்களுக்கு ஒரு பாடம்



இம்முறை கல்விப் பகுதியில் நாம் எடுத்துக்கொள்வது, நம் வீடுகளில் அதிகம் பேசப்படாத ஒரு படிப்பு. மருத்துவம், பொறியியல், கணிப்பொறி, சட்டம் ஆகியவற்றுக்கு எங்கே விண்ணப்பிப்பது, எந்தப் பரீட்சை எழுதுவது என்று கேட்டால் நம்மில் பத்துப் பேர் பதில் சொல்வோம். ஆனால் "எனக்குச் சமையல் படிக்க வேண்டும்" என்று ஒரு பிள்ளை சொன்னால் வீடே மௌனமாகிவிடுகிறது. நளபாகம் என்று புகழ்ந்து சாப்பிடுகிறோம். அதையே தொழிலாகக் கொள்ள நம் பிள்ளை விரும்பினால் மட்டும் மனம் ஒப்புவதில்லை.

இந்தத் தயக்கத்துக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று மதிப்பைப் பற்றியது, மற்றொன்று பணத்தைப் பற்றியது. மதிப்பைப் பற்றிய கவலைக்கு 2025 ஜூன் மாதமே ஒரு நல்ல பதில் தந்தது. மதுரைக்கு வடக்கே நத்தம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த விஜய் குமார், நியூயார்க்கில் 'செம்மா' என்ற உணவகத்தின் தலைமைச் சமையற்கலைஞர். நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையற்கலைஞருக்கான ஜேம்ஸ் பியர்ட் விருதை அவர் அந்த மாதம் வேட்டி கட்டிய கோலத்தில் பெற்றார். அவர் படித்தது திருச்சியில் உள்ள உணவக மேலாண்மைக் கல்லூரியில்.

ஆனால் பணத்தைப் பற்றிய கவலை நியாயமானது. அமெரிக்காவில் பெயர் பெற்ற தனியார் சமையற் கல்லூரிகளில் ஆண்டுச் செலவு பல பத்தாயிரம் டாலர். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டுகளில் சமையலறைச் சம்பளமோ குறைவு. கடனை நம்பிப் படித்தவர்கள் பலர் படிப்பு முடிந்தபின் அத்தொழிலையே விட்டுவிட நேர்ந்திருக்கிறது. ஆகவே கடன் இல்லாமல், அல்லது குறைந்த கடனோடு, எப்படிப் படிப்பது? உணவுத் தொழில் தொடங்கிய அல்லது தொடங்க நினைக்கும் நம் சகோதர சகோதரிகளுக்கு எங்கிருந்து உதவி வரும்? இவ்விரண்டையும் இப்பாடத்தில் பார்ப்போம்.

1. முதலில் மூன்று சொற்கள்

தமிழ்நாட்டில் உபகாரச் சம்பளம் என்றார்கள், ஈழத்தில் புலமைப் பரிசில் என்கிறார்கள், இப்போது கல்வி உதவித்தொகை என்றும் சொல்கிறோம். பெயர் மூன்றானாலும் பொருள் ஒன்றே: படிப்பவருக்குத் தரப்படும், திருப்பித் தர வேண்டாத பணம்.

மானியம் என்பதும் திருப்பித் தர வேண்டாதது. ஆனால் எதற்காகத் தந்தார்களோ அதற்கே செலவிட்டு, கணக்குக் காட்ட வேண்டும். அடுப்பு வாங்கத் தந்த பணத்தில் வாடகை கட்டக் கூடாது.

கடன் திருப்பித் தர வேண்டியது. கல்லூரிகள் அனுப்பும் உதவிக் கடிதத்தில் இம்மூன்றையும் ஒரே பட்டியலில் கூட்டி, "மொத்த உதவி" என்று ஒரு பெரிய தொகையைப் போட்டிருப்பார்கள். பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது, பென்சிலை எடுத்து அந்தப் பட்டியலில் கடன் எது, உதவித்தொகை எது என்று பிரித்துக் கோடு போடுவதுதான். கடனைக் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் உண்மையான உதவி எவ்வளவு என்று தெரியும்.

2. மாணவருக்கு முதற்படி: ஃபாஃப்சா

மத்திய அரசின் மாணவர் உதவிக்கான பொது விண்ணப்பத்தைச் சுருக்கமாக 'ஃபாஃப்சா' என்பர். அங்கீகாரம் பெற்ற சமையற் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சட்டப்படி ஆண்டுதோறும் அக்டோபர் 1-க்குள் அடுத்த கல்வியாண்டுக்கான விண்ணப்பம் திறக்கப்பட வேண்டும். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. "நாங்கள் நிரப்பித் தருகிறோம்" என்று பணம் கேட்பவரிடம் போக வேண்டாம்.

இதன் வழியாகக் கிடைக்கும் முக்கிய உதவி பெல் மானியம். 2025-26 கல்வியாண்டில் இதன் உச்ச அளவு 7,395 டாலர். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கே இது கிடைக்கும். இதுவரை மிகக் குறுகிய காலப் பயிற்சிகளுக்குப் பெல் மானியம் இல்லை. 2025-இல் இயற்றப்பட்ட சட்டம், 2026 ஜூலை 1 முதல் 8 வாரத்திலிருந்து 15 வாரம் வரையிலான தொழிற்பயிற்சிகளுக்கும் இம்மானியத்தைத் தர வழி செய்கிறது. ஆயினும் அந்தப் பயிற்சி மாநில அரசின் ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். குறுகிய காலச் சமையற் பயிற்சியில் சேர நினைப்பவர்கள் இதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இங்கே நம் குடும்பங்களுக்கு உரிய ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். பெற்றோர் வேலை விசாவில் இருந்தாலும், பிள்ளை அமெரிக்கக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருந்தால் அப்பிள்ளை விண்ணப்பிக்கலாம். பெற்றோரின் குடியேற்ற நிலை பிள்ளையின் தகுதியைக் கெடுக்காது. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோரும் விண்ணப்பத்தில் தம் பகுதியை நிரப்பக் கணக்குத் தொடங்கலாம். பச்சை அட்டை பெற்ற பிள்ளைக்கும் தகுதி உண்டு. சார்பு விசாவிலோ மாணவர் விசாவிலோ உள்ள பிள்ளைக்கு மத்திய அரசு உதவி இல்லை. ஆனாலும் கல்லூரியின் சொந்த உதவித்தொகைகளும் தனியார் அறக்கட்டளைகளின் உதவிகளும் சில இடங்களில் அவர்களுக்கும் திறந்திருக்கும். ஒவ்வொன்றின் விதியையும் படித்துப் பார்க்க வேண்டும்.

வருமானம் அதிகம், நமக்கு எதுவும் கிடைக்காது என்று எண்ணி ஃபாஃப்சாவை நிரப்பாமல் விடுவது சரியன்று. தகுதி அடிப்படையில் தரும் சில உதவித்தொகைகளுக்கும் இந்த விண்ணப்பத்தை முதலில் கேட்கிறார்கள்.

கடன் வாங்கியே ஆக வேண்டுமென்றால் மத்திய அரசுக் கடனே முதலில். பெற்றோரைச் சார்ந்த மாணவர் முதலாண்டில் 5,500 டாலர் வரை பெறலாம். பெற்றோர் பெயரில் வாங்கும் பிளஸ் கடனுக்கு, புதிதாக வாங்குவோருக்கு 2026 ஜூலை 1 முதல் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர் என்று வரம்பு வைக்கப்பட்டுள்ளது. முன்பு போல் முழுச் செலவையும் அந்தக் கடனால் ஈடுகட்டலாம் என்று கணக்குப் போட முடியாது.

3. சமையல் மாணவருக்கென்றே உள்ள உதவிகள்

(அ) ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை: ஜேம்ஸ் பியர்ட் (1903–1985) ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில் பிறந்து, நியூயார்க்கில் சமையற் பள்ளி நடத்தியவர், நூல்கள் பல எழுதியவர். அவர் மறைவுக்குப் பின் 1986-இல் அவர் பெயரால் அறக்கட்டளை அமைந்தது. 1991 முதல் சமையல், உணவுத் துறை மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கி வருகிறது. ஒரே உதவித்தொகை என்று நினைக்க வேண்டாம். நன்கொடையாளர் பெயரில் பல தொகைகள் உண்டு. சில குறிப்பிட்ட மாநிலத்தவருக்கு, சில குறிப்பிட்ட கல்லூரிக்கு, சில ரொட்டி, இனிப்புத் துறைக்கு என்று பிரிந்திருக்கும்.

(ஆ) லே டாம் டெஸ்கோஃபியே: உணவுத் துறைப் பெண்கள் 1970-களில் நியூயார்க்கில் தொடங்கிய சங்கம். பல நகரங்களில் கிளைகள் உண்டு. கிளைதோறும் தம் பகுதிப் பெண்களுக்கு உதவித்தொகை தருகிறார்கள். படிக்க விரும்பும் நம் பெண் பிள்ளைகள் மட்டுமின்றி, பிள்ளைகள் வளர்ந்தபின் மீண்டும் படிக்க நினைக்கும் தாய்மார்களும் தம் நகரக் கிளையின் விதிகளைப் பார்க்கலாம்.

(இ) சி-கேப்: ரிச்சர்ட் கிராஸ்மன் என்ற சமையல் ஆசிரியர் 1990-இல் நியூயார்க் நகர அரசுப் பள்ளிகளுக்காகத் தொடங்கியது. பின்னர் ஃபிலடெல்ஃபியா, சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் முதலிய இடங்களுக்கும் பரவியது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சமையற் போட்டியில் கலந்து உதவித்தொகை பெறுகிறார்கள். கத்தி பிடிக்கும் முறை, நேரத்துக்குள் முடிப்பது, மேடையைச் சுத்தமாக வைத்திருப்பது எல்லாவற்றையும் நடுவர்கள் கவனிப்பார்கள்.

(ஈ) புரோஸ்டார்ட்: தேசிய உணவகச் சங்கத்தின் கல்வி அறக்கட்டளை நடத்தும் இரண்டாண்டு உயர்நிலைப் பள்ளிப் பாடத்திட்டம். தேர்வுகளில் தேறி, 400 மணி நேரம் மேற்பார்வையின் கீழ் வேலையும் செய்தால் சான்றிதழ் உண்டு. அதைக் கொண்டு உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் இப்பாடம் இருக்கிறதா என்று ஒன்பதாம் வகுப்பிலேயே ஆலோசகரைக் கேளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் கேட்டால் காலம் கடந்திருக்கும்.

(உ) கல்லூரியின் சொந்த உதவித்தொகை: பெரும்பாலான மாணவருக்குப் பெரிய தொகை வருவது இங்கிருந்துதான். ஹைட் பார்க்கில் ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள அமெரிக்கச் சமையற்கலைக் கல்லூரியின் வரலாற்றை இங்கே நினைக்கலாம். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குத் தொழில் கற்பிக்க 1946-இல் கனெடிகட் மாநிலத்து நியூ ஹேவனில் அது தொடங்கியது. படை வீரர்களுக்கு அரசு தந்த கல்வி உதவியே அந்த மாணவர்களைப் படிக்க வைத்தது. 1972-இல்தான் ஹைட் பார்க்குக்கு இடம் மாறியது. உதவிப் பணத்தால் வளர்ந்த கல்லூரி அது. ஆகவே உதவி கேட்பதில் கூச்சம் எதற்கு?

4. எந்தக் கல்லூரி?

பெரிய பெயரைப் பார்த்து மட்டும் சேர்க்கக் கூடாது. லே கார்டன் ப்ளூ என்ற பெயரில் அமெரிக்காவில் நடந்த கல்லூரிகள் அனைத்தும் 2017-இல் மூடப்பட்டன. சமையற் பிரிவுகளும் நடத்திவந்த ஆர்ட் இன்ஸ்டிடியூட் கல்லூரிகளில் எஞ்சியவை 2023 செப்டம்பர் இறுதியில் மூடப்பட்டன. சுமார் 317,000 பழைய மாணவர்களின் 600 கோடி டாலருக்கும் மேற்பட்ட கடனை மத்திய அரசு 2024-இல் தள்ளுபடி செய்தது. தள்ளுபடி வரும்வரை அக்குடும்பங்கள் எத்தனை ஆண்டுகள் தவித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே சேருமுன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்: அங்கீகாரம் யாருடையது? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படித்து முடிக்கிறார்கள்? முடித்தவர்களின் சராசரிக் கடன் எவ்வளவு? இங்கே பெறும் மதிப்பெண்களை வேறு கல்லூரி ஏற்குமா? பதில் சொல்லத் தயங்கும் கல்லூரியை விட்டு விலகுவது நல்லது.

சமுதாயக் கல்லூரிகளை நம்மவர்கள் சற்றுக் குறைவாக எண்ணுகிறோம். புரூக்ளினில் கிங்ஸ்பரோ, ஜெர்சி நகரில் ஹட்சன் கவுண்டி, சான் பிரான்சிஸ்கோவில் நகரக் கல்லூரி என்று பல இடங்களில் நல்ல சமையற் பிரிவுகள் உள்ளன. கட்டணம் தனியார் கல்லூரியில் ஒரு பங்குதான். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்குப் பல இடங்களில் பெல் மானியமே முழுக் கட்டணத்துக்கும் போதும்.

இன்னொரு வழி, சம்பளம் வாங்கிக்கொண்டே தொழில் பழகுவது. தொழிலாளர் துறையில் பதிவு பெற்ற பழகுநர் திட்டங்களில் மாணவர் கடன் வாங்க வேண்டியதே இல்லை. அமெரிக்கச் சமையற்கலைஞர் கூட்டமைப்பும் இத்தகைய திட்டங்களை நடத்தி வருகிறது.

பிள்ளை பெயரில் 529 சேமிப்பு வைத்திருப்போர் பலர். "பொறியியலுக்கென்று சேர்த்த பணம்" என்று ஒரு தகப்பனார் சொல்லலாம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மத்திய அரசு உதவிக்குத் தகுதி பெற்ற எந்தக் கல்லூரிக்கும் அப்பணத்தைப் பயன்படுத்தலாம். பதிவு பெற்ற பழகுநர் திட்டத்துக்குத் தேவையான புத்தகம், கருவிகளுக்கும் 2019 முதல் அனுமதி உண்டு.

வரியைப் பற்றியும் ஒரு சொல். பட்டப் படிப்பு மாணவர் உதவித்தொகையைக் கட்டணம், புத்தகம், பாடத்துக்குக் கட்டாயமான கத்தி, சீருடை ஆகியவற்றுக்குச் செலவிட்டால் வரி இல்லை. தங்கும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் செலவிட்ட பங்கு வருமானமாகக் கணக்கிடப்படும். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

5. விண்ணப்பக் கட்டுரை

"சின்ன வயதிலிருந்தே எனக்குச் சமையல் பிடிக்கும்" என்று தொடங்கும் கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் வரும். நம் பிள்ளைகளிடம் அதைவிட நல்ல செய்தி இருக்கிறது. ஆலய அன்னதானத்தில் 300 பேருக்குச் சாம்பார் வைக்க எத்தனை கிலோ துவரம் பருப்பு என்று கணக்குப் போட்ட பிள்ளை, குளிர் மாதத்தில் இட்லி மாவு புளிக்காதபோது என்ன செய்தது என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, பாட்டி கைப்பிடி அளவில் சொன்னதைக் கிராம் கணக்கில் எழுதி வைத்த பிள்ளை, இவர்கள் எழுத வேண்டியது அதையே. என்ன செய்தேன், எவ்வளவு, எத்தனை நாள், எதில் சிக்கல் வந்தது, அதிலிருந்து என்ன கற்றேன் என்று எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஆலயச் சமையலறையில் தொண்டு செய்யும் பிள்ளைகள் நாள், நேரம், செய்த வேலை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, பொறுப்பாளரிடம் மாதந்தோறும் கையொப்பம் வாங்கி வைப்பது நல்லது. பள்ளித் திட்டத்தின் மணிக் கணக்கில் அது சேருமா என்பதை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சிபாரிசுக் கடிதம் கேட்கும்போது ஆசிரியருக்குக் குறைந்தது மூன்று வாரம் அவகாசம் கொடுங்கள்.

6. தொழில் செய்வோருக்கு: ஒரு பெரிய மானியம் கற்பித்த பாடம்

"சிறுதொழில் தொடங்க அரசாங்கம் இனாமாகப் பணம் தருகிறதாமே" என்று நம்மிடம் பலர் கேட்கிறார்கள். மத்திய அரசின் சிறுதொழில் நிர்வாகம், தொழில் தொடங்கவோ விரிவாக்கவோ பொதுவாக மானியம் தருவதில்லை. அது தருவது கடன் உத்தரவாதமும் ஆலோசனையும்.

விதிவிலக்காக 2021-இல் பெருந்தொற்றுக் காலத்தில் உணவகங்களுக்கென்று ஒரு மறுவாழ்வு நிதி ஒதுக்கப்பட்டது. தொகை 2,860 கோடி டாலர். மே 3 அன்று விண்ணப்பம் திறந்தார்கள், மூன்று வாரத்தில் மூடிவிட்டார்கள். 278,000-க்கும் மேற்பட்டோர் 7,200 கோடி டாலருக்கு மேல் கேட்டார்கள். சுமார் 101,000 பேருக்கே கிடைத்தது. அந்த நிதி முடிந்துவிட்டது. இன்று அதன் பெயரைச் சொல்லி யாராவது பணம் வாங்கித் தருகிறேன் என்றால் நம்பாதீர்கள்.

ஆனால் அது கற்பித்த பாடம் முடியவில்லை. பெரிய உணவகத்துக்கு மட்டுமின்றித் தள்ளுவண்டி, வாகனக் கடை, விருந்துச் சமையல் செய்பவர் ஆகியோருக்கும் அதில் இடம் இருந்தது. 2019-க்கு முன்பே தொழில் தொடங்கியவருக்குத் தொகையைக் கணக்கிட்ட முறை எளியது: 2019 விற்பனையிலிருந்து 2020 விற்பனையையும், முன்பே பெற்ற ஊதியப் பாதுகாப்புக் கடனையும் கழிப்பது. எடுத்துக்காட்டாக 2019-இல் 300,000, 2020-இல் 180,000, பெற்ற கடன் 40,000 என்றால், கிடைக்க வேண்டியது 80,000 டாலர்.

இப்போது யோசியுங்கள். அதே கடைக்காரர் ரொக்கமாக வந்ததில் பாதியை மட்டும் வரிக் கணக்கில் காட்டியிருந்தால்? 2019-இல் 150,000, 2020-இல் 90,000. வித்தியாசம் 60,000. அதில் 40,000 கழித்தால் 20,000 டாலர் மட்டுமே. காட்டாமல் விட்ட விற்பனை சட்டத்துக்குப் புறம்பானது என்பது ஒருபுறம் இருக்க, துன்பக் காலத்தில் கைகொடுக்க வேண்டிய பணத்தையும் அது தின்றுவிட்டது. கணக்கே வைக்காதவருக்கு எதுவும் இல்லை. இப்படிப்பட்ட நிதி மறுபடி எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. வரும்போது மூன்று வாரத்துக்குள் காகிதங்களைக் காட்டக்கூடியவருக்கே அது கிடைக்கும்.

ஆகவே இன்றே செய்ய வேண்டியவை: தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு. தினசரி விற்பனைக் குறிப்பு. விற்பனை வரிப் படிவங்கள். மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்குகள். சுகாதாரத் துறை உரிமம். காப்பீட்டுப் பத்திரம். வாடகை ஒப்பந்தம். இவ்வேழையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

7. இன்று எங்கே கேட்கலாம்?

ஆலோசனை: 'ஸ்கோர்' என்ற அமைப்பு 1964 முதல் இயங்குகிறது. அனுபவம் வாய்ந்த தொழிலதிபர்கள் கட்டணமின்றி வழிகாட்டுவார்கள். சிறுதொழில் வளர்ச்சி மையங்களும் அவ்வாறே. மானியம் தேடுமுன் இங்கே போவது நல்லது. உங்கள் ஊரிலும் மாவட்டத்திலும் உள்ள சிறு மானியங்கள் அவர்களுக்குத்தான் தெரியும். கடை முகப்பைச் சீர்செய்ய நகராட்சிகள் தரும் மானியம் போன்றவை பெரிய விளம்பரமின்றி வந்துபோகும்.

சிறு கடன்: சிறுதொழில் நிர்வாகத்தின் 'மைக்ரோ' கடன் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்கள் வழியாக 50,000 டாலர் வரை கிடைக்கும். குடியுரிமை பற்றிய விதிகள் 2025 முதல் இறுகியுள்ளன. எனவே இந்நிர்வாகத்தின் எந்தக் கடனானாலும் விண்ணப்பிக்குமுன் உங்கள் நிலைக்குப் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வட்டியில்லாக் கடன்: 'கீவா' என்ற தொண்டு நிறுவனம் அமெரிக்காவில் உள்ள சிறுதொழிலுக்கு 15,000 டாலர் வரை வட்டியின்றித் தருகிறது. பணம் போடுவோர் பொதுமக்கள், ஆளுக்கு 25 டாலர் முதல். விண்ணப்பிப்பவர் முதலில் தம்மை அறிந்தவர்கள் சிலரைக் கடன் தரச் செய்து காட்ட வேண்டும். அதன்பின் மற்றவர்கள் சேர்வார்கள். இங்கே நம் சமூகம் செய்யக்கூடியது நிறைய உண்டு. 200 குடும்பங்கள் ஆளுக்கு 25 டாலர் போட்டால் 5,000 டாலர். சீட்டுப் பிடித்து முதல் திரட்டுவது நம் ஊர் வழக்கம்தான், ஆனால் சீட்டுப் பணத்துக்கு எழுத்துச் சான்று இருப்பதில்லை. நாளைக்கு வங்கியில் காட்டக் காகிதம் வேண்டும்.

பழைய உணவகங்கள்: வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளையும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனமும் 2021-இல் தொடங்கிய திட்டத்தில், அவ்வாண்டு 25 சிறு உணவகங்களுக்குத் தலா 40,000 டாலர் வழங்கப்பட்டது. வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடத்திலோ பகுதியிலோ நெடுங்காலமாக நடக்கும் தனியார் உணவகங்களுக்கானது இது.

விளைவிப்போர்: சொந்தமாகப் பயிர் செய்து, அதிலிருந்து ஊறுகாய், பொடி முதலியன செய்து விற்பவருக்கு மத்திய வேளாண்மைத் துறையின் மதிப்புக் கூட்டு மானியம் உண்டு. அண்மை ஆண்டுகளில் திட்டமிட 75,000 டாலர் வரையும், நடைமுறை மூலதனத்துக்கு 250,000 டாலர் வரையும் அறிவித்திருக்கிறார்கள். அதே அளவு பங்கை நாமும் போட வேண்டும்.

பொதுச் சமையலறைகள்: சான் பிரான்சிஸ்கோவில் 2005 முதல் நடக்கும் 'லா கொசீனா' குறைந்த வருமானமுள்ள பெண்களுக்கு, பெரும்பாலும் குடியேறிய பெண்களுக்கு, சமையலறையும் தொழிற்பயிற்சியும் தருகிறது. கையில் பணமாக வராவிட்டாலும் இதுவும் உதவிதான். சொந்தச் சமையலறை கட்டும் செலவு மிச்சமாகிறதே. மற்ற நகரங்களிலும் மணிக்கணக்கில் வாடகைக்குச் சமையலறை கிடைக்கும்.

சிறிதாகத் தொடங்கிப் பெயர் பெறலாம் என்பதற்கு நம்மவர் ஒருவரே சான்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த திரு குமார், நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் ஒரு தள்ளுவண்டியில் தோசை வார்த்து, 2007-இல் அந்நகரத் தெரு உணவு வணிகர்களுக்கான 'வெண்டி' விருதைப் பெற்றார்.

8. வீட்டிலிருந்து விற்போர் கவனத்துக்கு

முறுக்கு, அதிரசம், பொடி வகைகள் செய்து விற்கும் தாய்மார்கள் நம்மிடையே உண்டு. உரிமம் இல்லாதவருக்கு எந்த மானியமும் கிடைக்காது. எனவே உரிமமே முதல்.

வீட்டில் செய்த உணவை விற்பதற்கான சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூ ஜெர்சியில் 2021 அக்டோபரில்தான் அனுமதி வந்தது. இரண்டாண்டு உரிமத்துக்கு 100 டாலர், ஆண்டு விற்பனை 50,000 டாலருக்குள் இருக்க வேண்டும். டெக்சாஸ் மாநிலம் 2025 செப்டம்பர் 1 முதல் வரம்பை 150,000 டாலராக உயர்த்தி, உணவு வகைகளையும் விரிவாக்கியது. பெரும்பாலான மாநிலங்களில் குளிர்பெட்டியில் வைக்க வேண்டிய உணவுக்கு இச்சட்டத்தில் இடமில்லை. இட்லி மாவு, சட்னி, சாம்பார் ஆகியவை அதில் அடங்கும். அவற்றுக்கு உரிமம் பெற்ற சமையலறை வேண்டும். காரணம் எளியது: 41 முதல் 135 டிகிரி ஃபாரன்ஹைட் வரையிலான சூட்டில் கிருமிகள் விரைவாகப் பெருகும்.

விசாவையும் மறக்க வேண்டாம். வேலை அனுமதி இல்லாதவர் பணத்துக்குச் சமைத்து விற்பது அனுமதியற்ற வேலையாகக் கருதப்படும். "தெரிந்தவர்களுக்குத்தானே" என்ற சமாதானம் பச்சை அட்டை நேர்முகத்தில் செல்லாது. சில நூறு டாலருக்காகக் குடும்பத்தின் எதிர்காலத்தைப் பணயம் வைக்கலாகாது. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

9. ஏமாறாதிருக்க

அரசாங்கம் தொலைபேசியில் அழைத்து "உங்களுக்கு மானியம் விழுந்திருக்கிறது" என்று சொல்லாது. முன்பணம் கேட்கும் மானியம் மானியமன்று. பரிசு அட்டை வாங்கி எண்ணைச் சொல்லச் சொன்னால் அது திருட்டு. வங்கி எண்ணையும் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் அழைத்தவரிடம் சொல்லக் கூடாது. வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் இதைத் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். தொழிலுக்கு முறையாகக் கிடைத்த மானியமும் பெரும்பாலும் வரிக்குரிய வருமானம். ஆகவே முழுவதையும் செலவழித்துவிடாமல் வரிக்கென ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்.

10. வீட்டில் கூடிப் பேச

பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து கீழ்க்கண்டவற்றுக்கு விடை எழுதிப் பாருங்கள்.

1. கல்லூரி அனுப்பிய கடிதத்தில் 28,000 டாலர் "மொத்த உதவி". அதில் 5,500 மாணவர் கடன், 12,000 பெற்றோர் கடன். உண்மையான உதவி எவ்வளவு? (விடை: 10,500 டாலர்.)

2. நம் பிள்ளையின் பள்ளியில் சமையற் பாடம் உண்டா? யாரைக் கேட்க வேண்டும்?

3. நம் மாநிலத்தில் வீட்டில் செய்த எந்தெந்தப் பலகாரங்களை விற்கலாம்?

4. நாளைக்கே ஒரு மானிய அறிவிப்பு வந்தால், மேலே சொன்ன ஏழு காகிதங்களில் நம்மிடம் எத்தனை இருக்கின்றன?

5. மகனோ மகளோ சமையல் படிக்க விரும்பினால், கடன் எந்த அளவைத் தாண்டக் கூடாது என்று நாம் இருவரும் ஒப்புக்கொள்கிறோம்?

ஐந்தாவது கேள்விக்குத்தான் அதிக நேரம் ஆகும். கோபமில்லாமல், எண்களை முன்னால் வைத்துக்கொண்டு பேசுங்கள். "வேண்டாம்" என்று மறுத்துவிடுவது எளிது. "சரி" என்று தலையாட்டிவிட்டுப் பெருங்கடனில் தள்ளுவதும் எளிது. பிள்ளையோடு சேர்ந்து ஃபாஃப்சா நிரப்புவதும், சமுதாயக் கல்லூரிச் சமையலறையை ஒருநாள் போய்ப் பார்த்து வருவதும், நான்கு உதவித்தொகைகளின் கடைசித் தேதிகளை நாட்காட்டியில் குறிப்பதும் சற்றுச் சிரமம். ஆனால் பிள்ளைக்குப் பயன்படுவது அதுவே.

இப்பாடத்தில் சொன்ன தொகைகளும் தேதிகளும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்குமுன் அந்தந்த அலுவலகத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஃபாஃப்சா நிரப்பப் பழகியவர்களும், உணவுத் தொழிலில் அனுபவம் உள்ளவர்களும் நம் உறுப்பினர்களிடையே இருக்கிறார்கள். ஞாயிறு பகல் உணவுக்குப் பின் அரை மணி நேரம் ஒதுக்கி, அறிந்ததை மற்றவர்க்குச் சொல்ல முன்வருமாறு அவர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.